காலர் தைப்பவளின் புதன்கிழமை

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பை தைப்பவள் பாக்கெட், கை பூட்டுபவள் ஸ்லீவ். என் தங்கை காலர். தைத்து, திருப்பி, ஓரத்தையல் போட்டு அவள் கொடுக்கும் காலரில் இரண்டு முனையும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். நான் பேக்கிங்கில் சட்டை மடிக்கிறவள். தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை.

அவளுக்கு நாள் தள்ளிப்போனதை முதலில் காட்டிக்கொடுத்தது அவள் வீட்டுக்காரர் மேல் அடித்த பெயிண்ட் வாசனை. அவர் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். வாசலில் வந்து நின்றாலே இவளுக்குக் குமட்டியது. பாவம், மனிதர் தெருக்குழாயிலேயே குளித்துவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்.

"இந்த மனுஷன் தினமும் சோப்பு போடணும்னா ஒரு பிள்ளையே வர வேண்டியிருக்குக்கா" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே.

அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது புதன்கிழமை காலையில் மட்டும். ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் இலவசம். ஆனால் லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கூலி பாதிதான்.

"பேசாம சாயங்காலம் தனியார் டாக்டர்கிட்ட காட்டிடலாம்டி."

"ஒரு தடவை காட்டலாம். அப்புறம்? பிள்ளை பிறக்கிற வரைக்கும் யாரு குடுக்கிறது? எனக்கு அந்த ஆஸ்பத்திரியும் வேணும், இந்த மெஷினும் வேணும்."

ஒருத்தி தைத்ததை அடுத்தவள் வாங்கித் தைக்கிற லைன் நிற்காவிட்டால், அரை நாள் தாமதமாக வருபவளை யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். எனவே சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து, புதன்கிழமைக்கான காலர்களை முன்கூட்டியே தைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கினாள். நடுநடுவே எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து மறுபடியும் தைத்தாள்.

நாங்கள் இருவரும் ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் இடத்தில் ஒருத்தி இப்படி முன்கூட்டித் தைத்து அடுக்கினால், வேறு கம்பெனிக்குப் போய்த் தைத்துக் காட்டப் போகிறாள் என்று அர்த்தம். வேலை மாறுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்தால், அவள் மெஷினில் ஸ்லீவ் உட்கார்ந்து காலர் தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். முகம் கழுவி வந்த தங்கையின் எதிரே சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எந்தக் கம்பெனிம்மா? எங்ககிட்டயும் சொல்லிட்டுப் போகலாம்ல?"

லைனில் பாதிப் பேர் தையலை நிறுத்திவிட்டார்கள். நான் பேக்கிங்கிலிருந்து ஓடி வந்தேன். ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ நிமிர்ந்து நின்றாள்.

"கம்பெனி இல்ல சார். மாசமா இருக்கேன். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் கண் தானாக நூல் வெட்டும் மேசைப் பக்கம் போனது. அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"அங்க அனுப்பணும்னா அனுப்புங்க. இந்தக் கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு அனுப்புங்க. ஒரு வாரமா வாந்தி எடுத்துக்கிட்டே தச்சது. ஒரு முனை கோணியிருந்தா நானே எழுந்து போயிடறேன்."

அவர் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் ஸ்லீவ் எழுந்துவிட்டாள்.

"நமக்கு இது ஒத்து வராது சார். நான் தச்ச காலர் நாய்க்காது மாதிரி தொங்குது. அவளையே உட்கார வைங்க."

லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டைப் பழையபடி கட்டி வைத்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள வந்துடணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று நர்ஸ் மாத்திரை கொடுத்து, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். மதியம் தங்கை தன் மெஷினில் உட்கார்ந்து நூல் கோத்தாள். லைன் நிற்கவே இல்லை.

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். "என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்காம் சார். மாசாமாசம் வரச் சொன்னாங்க. எல்லாம் புதன்கிழமைதான்."

"அப்ப செவ்வாய்க்கிழமைக்குள்ள காலர் தயாரா இருக்கணும்."

"திங்கக்கிழமையே இருக்கும்" என்றாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.