‘புடுங்குறாக’ என்றார் அந்த அம்மாள்

இன்று உத்தமபாளையம் பஸ்ஸில் என் காதாலேயே கேட்டேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனதிலிருந்து, பின்னால் கட்டிய கரி அடுப்பில் ஓடுகிற பஸ். மார்க்கையன்கோட்டை விலக்கில் நின்றுவிட்டது. அடுப்பைக் கிளறிவிட ஆண்கள் சிலர் இறங்கிப் பின்பக்கம் போனார்கள்.

எனக்கு முன்னால் ஓர் அம்மாள். நெற்றி நிறையத் திருநீறு, குனிந்த தலை. இறங்கிப்போன புருஷனை நெடுநேரமாகக் காணோம். எட்டிப் பார்த்தவர் சொன்னார்:

“இவுக இம்புட்டு நேரமா அங்கன என்னத்தப் புடுங்குறாக?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் சின்ன வயதில் நாற்றையும் களையையும்தான் பிடுங்கினார்கள். பிறகு வண்டிக்காரர்கள் சண்டையில் மயிரைப் பிடுங்கச் சொன்னார்கள். கேட்டவன் அரிவாளைத் தேடினான். நாளடைவில் மயிர் உதிர்ந்து, புடுங்குவது மட்டும் மிஞ்சியது. சும்மா நிற்கிற எவனையும் அப்படிக் கேட்கலாம் என்றானது. ஆனாலும் அது ஆம்பளைகள் வாயோடுதான் இருந்தது.

இன்று அதற்கு மரியாதை விகுதியே வந்துவிட்டது. அதுவும் கட்டிய புருஷனுக்கு!

பஸ் உறுமத் தொடங்கியது. கண்டக்டர் அவசரப்பட்டார். “யாராத்தா வரணும்? பேரச் சொல்லு, கூப்புடுறேன்.”

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஆத்தாடி! பொம்பள வாயில வர்ற வார்த்தையாய்யா அது? அவுக பேர நான் எப்படிச் சொல்லுவேன்?”

“நல்ல குடும்பத்துப் பொம்பள” என்று பஸ்ஸே மெச்சியது.

உங்கள் ஊர்ப்பக்கம் இப்போது எது கெட்ட வார்த்தை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை நான் வாயைத் திறப்பதாக இல்லை.