புரட்டாசி சனிக்கிழமைல எறா கருவாடோட போனேன்

மொத கஸ்டமர் கெடச்ச அன்னிக்கு நான் பண்ண அலப்பறை இருக்கே, எங்க குப்பத்துல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லியாச்சு. நாய்க்கு ட்ரெய்னிங் குடுக்கப் போறேன், காட்டூர்லேர்ந்து கூப்ட்ருக்காங்கன்னு. பக்கத்து வூட்டு அக்கா வலைய சிக்கெடுத்துக்கினே கேட்டாங்க, “இன்னாடி, நாய்க்கும் டியூஷனா? என் புள்ளையவே ஒரு எடத்துல ஒக்கார வெக்க முடில.”

“அனுப்புக்கா, ரெண்டு பேரையும் சேத்தே பாத்துக்கறேன்!”

நைனா மட்டும் சிரிக்கல. “டிகிரி முடிச்சது நாய் பின்னாடி ஓடறதுக்கா?”ன்னாரு. ஒரு பேக்கிங் கம்பெனில எனக்கு வேலைக்கு வேற சொல்லி வெச்சிருந்தாரு. கடைசில ஒரு டீல் போட்டோம். இந்த நாயோட ஓனரம்மா சரின்னு சொல்லிட்டா நான் என் இஷ்டத்துக்கு போலாம். இல்லன்னா வாயத் தொறக்காம கம்பெனி பஸ்ஸுல ஏறணும்.

நாய் இன்னா நாய்ன்னு கேளுங்க. ராஜபாளையம், வெள்ளவெளேர்னு, ஒண்ணர வயசு. காட்டூர்ல அந்தம்மா வூட்டு வாசல் வழியாதான் அவங்க நெலத்துக்கே போவணும். நடவு நட வந்த பொம்பளைங்க மேல சார் எகிறி எகிறி பாய்ஞ்சதுல, எல்லாரும் வழிலயே திரும்பிட்டாங்க. நாத்து முத்திக்கினே வருது, ஆளு வர மாட்டேங்குது. இருவது நாள்ல சரி பண்றேன்னு சொல்லி குட்டி யானை வண்டில ஏத்தி எங்க ஊருக்கு வரவெச்சேன்.

அந்த இருவது நாளு சும்மா தீயா போச்சுங்க! தெனம் காலைல எங்க ஊரு பழைய டச்சுக்காரன் கல்லறை காம்பவுண்டு ஓரமா கிளாஸ். ஆன்லைன் கோர்ஸ்ல வேவவெச்ச சிக்கன் குடுன்னு சொல்றான். சிக்கனுக்கு நான் எங்க போறது? எங்கூட்லதான் உப்பு போடாம காயவெச்ச எறா மூட்டையா கெடக்குதே. இடுப்புல ஒரு பை, அதுல எறா. “ஒக்காரு”ன்னு சொல்லி, ஒக்காந்தா ஒரு எறா. “இரு”ன்னு சொல்லி, அசையாம இருந்தா ரெண்டு. கடைசி வாரத்துல மீன்கூடையோட பொம்பளைங்க கூட்டமா மூஞ்சிக்கு முன்னாடி போறாங்க, சார் செலை மாதிரி ஒக்காந்திருக்காரு. எனக்கு கெத்து தாங்கல. காலர் வெச்ச சுடிதாரா இருந்தா தூக்கி வுட்ருப்பேன்.

“சனிக்கிழமை காலைல ஆளுங்க வராங்க, கூட்டினு வந்துரும்மா”ன்னு போன் வந்துச்சு. தீர்ப்ப கண்ணால பாக்கணும்னு, நானும் நாயும் ஏறன ஷேர் ஆட்டோல நைனாவும் ஏறிட்டாரு.

கேட்ட தொறந்த அந்தம்மா நெத்தில நாமம். உள்ளேர்ந்து வட வாசம். அவங்க மூக்கு சுருங்குச்சு.

“இன்னாம்மா இடுப்புல?”

“எறா கருவாடும்மா. சமத்தா இருந்தா குடுக்கறதுக்கு.”

“அய்யய்யோ! புரட்டாசி சனிக்கிழமை! பெருமாளுக்கு தளிகை போட்டு வெச்சிருக்கேன், நீ வாசப்படில கருவாடோட நிக்கறியே!”

சத்தியமா எனக்கு தோணவேல்ல. எங்கூட்லயும் புரட்டாசி சனிக்கிழமை மீன் கொழம்பு கெடையாது. ஆனா வலை, கூடை, எங்க கையி, இதெல்லாம் எங்க மூக்குக்கு நாத்தமாவே தெரியாது. பையில கெடக்கறது துன்ற பொருளுன்னே நெனக்கல, அது என் டூல்ஸு! நைனா நைசா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி வெச்சிக்கினாரு.

பைய தெரு முனை மரத்துல மாட்டிட்டு, பம்புல சோப்பு போட்டு கை கழுவிட்டு வந்தேன். “ஒக்காரு.” சார் என் கைய மோந்து பாத்தாரு. தெரு முனைய பாத்தாரு. ஒக்காரல. அந்த நேரம் பாத்து எட்டு பொம்பளைங்க வந்து நிக்கறாங்க. ஒரே பாய்ச்சல், கொலைப்பு. அதுல வாயாடி ஒருத்தி, “இன்னா பாப்பா, படிப்பு முடிஞ்சிச்சா, இல்ல நாங்க ஊட்டுக்குப் போய் படுக்கட்டா?”

நைனா என்னையே பாக்கறாரு. எனக்கு கம்பெனி பஸ் ஹாரன் காதுலயே கேக்குது.

அப்பதான் மண்டைல ஏறுச்சு. நாய் கத்துக்கினது என்னையும் எறாவையும்தான். இருவது நாள்ல ஓனரம்மாவ ஒரு தபா கூட வரவெச்சி குடுக்க வெக்கலயே நான்! வாழப்போறது அவங்களோட.

“ம்மா, தெனம் உங்க கையால இன்னா துன்னும்?”

“தயிர் சோறு.”

“உருட்டி எடுத்துக்கினு வாங்க. நீங்கதான் சொல்லணும், நீங்கதான் குடுக்கணும்.”

“நானா?”

வந்தாங்க. “ஒக்காரு ஒக்காரு ஏய் ஒக்காருடா!”

“ஒரு தபாதான் சொல்லணும்மா. சொல்லிட்டு வாய மூடிக்கங்க.” நைனா கண்ண மூடிக்கினாரு.

வாயாடி, “இப்டியே என் ஊட்டுக்காரரையும் ஒக்கார வெச்சிரு!” எல்லாரும் சிரிச்சாங்க. நாலு தபா ஒண்ணும் நடக்கல. அஞ்சாவது தபா, ஒக்காந்துச்சுங்க! நான் கத்தன கத்துல காக்கா பறந்துச்சு.

கயித்த நான் புடிச்சிக்கினேன். ஒரு பொம்பளை தாண்டனா ஒரு உருண்டை. மூணாவது ஆளுக்கு உறுமுச்சு, அவங்கள திரும்பப் போய் திரும்ப வரச் சொன்னேன். ஏழு பேரு சுத்தமா தாண்டிட்டாங்க. கடைசில வாயாடி. அவளுக்கு மட்டும் எழுந்துருச்சு. கயித்த இழுத்துப் புடிச்சேன், அவ கத்திக்கினே வரப்பு வரைக்கும் ஓடனா. ஆனா நெலத்துலதான் எறங்கனா, ஊட்டுக்குப் போவல.

ஓனரம்மா கைல ஒட்டன சோத்த பாத்துக்கினே கேட்டாங்க, “அப்போ இருவது நாளா நீ கத்துக் குடுத்தது வேஸ்ட்டா?”

“அது கத்துக்கிச்சிம்மா. நீங்கதான் இன்னும் கத்துக்கல.”

சொல்லிட்டு நாக்க கடிச்சிக்கினேன். அவங்க ஒரு நிமிஷம் மொறச்சாங்க. அப்றம், “சரி. நடவு முடியற வரைக்கும் தெனம் வந்து எனக்குக் கத்துக் குடு. வருவியா?”

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னாடிலேர்ந்து நைனா, “வருவாம்மா. ஜல்தியா வருவா.” கொஞ்சம் முன்னாடி வந்து, தொண்டைய கனைச்சிக்கினு கேட்டாரு பாருங்க: “இந்தத் தெருவுல வேற யாரு வூட்லயாச்சும் நாய் இருக்குதா?”