ஆறாவது விண்கலம்

நானும் அவனும் நஞ்சன்கூட்டில் ஒரு மரப்பொம்மைக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவன் கடைசல் வேலை, நான் பெயின்ட். செவ்வாய்க்கு ஆட்கள் போவதாக ஒரு சினிமா எடுத்தவர்கள், அதையே பலகை விளையாட்டாகவும் விற்கலாம் என்று எங்களை மாதிரிக்கு ஒன்று செய்து தரச் சொன்னார்கள். செய்தோம். ஒரு பலகை, தாயக்கட்டை, ஆறு நிறத்தில் ஆறு விண்கலம். படம் இரண்டாவது வாரமே தியேட்டரை விட்டு ஓடிவிட்டது. விளையாட்டை யாரும் கேட்கவில்லை. உலகத்திலேயே ஒன்றே ஒன்றான அந்தப் பெட்டி மைசூரில் என் வீட்டு பீரோவில் கிடக்கிறது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சிவப்புக் கலத்தைக் காணோம். கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன் அவன்தான். "நீதானே எடுத்தே?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு போனோம். அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை. அதற்காகச் சந்தேகம் குறைந்ததா என்றால் இல்லை.

போன மாதம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? "அந்த கேம் இருக்கா? சும்னே ஒரு ஆட்டம் ஆடலாம்ப்பா" என்றான், வழக்கம்போலக் கன்னடம் கலந்து. மிச்சத்தையும் சுட வந்திருக்கிறானோ?

பெட்டியை எடுத்து வந்ததும் தண்ணீர் கேட்டான். பெட்டியோடு சமையலறைக்குப் போனேன்.

"ஏங்க, இது எதுக்கு இங்க?" என்றாள் மனைவி. "சும்மா இரு" என்றேன்.

ஆடும்போது பலகையைவிட அவன் சட்டைப் பையைத்தான் அதிகம் பார்த்தேன். அதனாலேயே தோற்றேன். காய்களை அவனே பொறுக்கிப் பெட்டியில் போட்டு மூடினான். அது இன்னும் உறுத்தியது.

அவன் கேட்டைத் தாண்டியதும் திறந்து எண்ணினேன். ஆறு. சிவப்பும் இருந்தது.

பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான், திருடியதைத் திருப்பி வைத்துவிட்டான் என்று துள்ளினேன். கையில் எடுத்தால் சிவப்பு விரலில் ஒட்டியது. பெயின்ட் சரியாகக் காயவில்லை. கோட்டைத் தாண்டி வழிந்தும் இருந்தது; என் கை அப்படி அடிக்காது. புதிதாகக் கடைந்து, தெரியாத பெயின்ட் வேலையையும் தானே செய்து கொண்டுவந்திருக்கிறான்.

அப்படியானால் அசல் எங்கே என்று உடனே கேட்டது மனசு. இந்த மனசை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! வெட்கமாக இருந்தது. பத்திரிகையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, "நான்தான்" என்றேன்.

"எண்ணிப் பாத்துட்டியா?" என்றான்.