கட்டுரையில் விட்டுப்போன ஒரு சாயங்காலம்

என் எழுத்து நேரம் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை. மண்ணரையில் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டில், மகள் டியூஷனுக்குப் போயிருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்பி, சாம்பிள் எங்கே, துணி எங்கே என்று போனில் கத்திவிட்டு வருகிறவன். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, மகள் பாதியில் விட்ட பழைய நோட்டுகளில் எழுதுவேன். அடித்துத் திருத்தி மூன்று முறையாவது படி எடுத்த பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவேன். அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடக் கூடாது என்பது நான் சொல்லாமலே வீட்டில் வழக்கமாகிவிட்டது. வழக்கமாக்கியவள் என் மனைவி. அவளும் வேலைக்குப் போகிறவள்தான். வேறொரு கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க நின்றபடி பனியன்களில் ஓட்டையும் கறையும் பார்த்துவிட்டு வந்து, சத்தம் வராமல் பாத்திரம் கழுவுவாள்.

அப்போது இரண்டாவது குழந்தை அவள் வயிற்றில் ஏழு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைக்குள் வந்து நின்றாள்.

“ஏனுங்க, காத்தாலிருந்து வயித்துல அசைவே தெரீலீங்க.”

எங்கள் சந்தில் காயப்போட்டிருக்கும் துணிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் இருந்தேன். நிமிரவில்லை.

“தூங்குதா இருக்கும் அம்மிணி. நாளைக்கு உனக்கு சிப்மெண்ட் முடிஞ்சுருமில்ல? சாயங்காலம் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தர்லாம்.”

“செரீங்க” என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனவள், மதியம் அவளே பர்மிஷன் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “துடிப்பு இல்லீங்க” என்றார். நேற்றே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். “அதை இப்பச் சொல்ல முடியாதுங்க” என்றார். ஆண் குழந்தை. பொங்கலூரில் என் மைத்துனரின் தோட்டத்தில், வேலியோரம் புதைத்தோம்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அசைவில்லைன்னு தெரிஞ்சேதானுங்க வேலைக்குப் போனேன். எங்கம்மாவுக்கு இது தெரிய வேண்டாமுங்க.” சொல்லமாட்டேன் என்றேன்.

ஐந்தாறு மாதம் கழித்து அதை எழுதினேன். எழுதாமல் இருக்க முடியாது என்று அப்போது நம்பினேன். முதல் படியில் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுதாக இருந்தது. நான் நிமிராமல் இருந்தது, சொன்ன பதில், எல்லாம். இரண்டாம் படியில் அது ஒரு வரியாகச் சுருங்கியது. மூன்றாவதில் இல்லை. கட்டுரையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன வாக்கியம் மட்டும் நகர்ந்து நகர்ந்து முதல் வரிக்கு வந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து அந்த முதல் வரியைத்தான் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளிடம் காட்டவில்லை. அவள் பெயரைப் போடாமல்தானே எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

பத்திரிகை வந்த வாரத்திலேயே யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது பொங்கலூர் வரை போய்ச் சேர்ந்தது. என் மாமியார் போன் செய்தபோது அவள் தோசைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“தெரிஞ்சேதான் போனியா கண்ணு? ஒரு நாளு லீவு போட்டா கம்பெனிக்காரன் என்ன தலையவா எடுத்துருவான்?”

“ஆமாம்மா. தெரிஞ்சேதான் போனேன்.”

என்னிடம் முதல் நாளே சொன்னதையும், நான் சொன்ன பதிலையும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு, அரிசிக்குள் கையை விட்டபடியே கேட்டாள்:

“எழுதோணும்னா முழுசா எழுதியிருக்கலாமில்லீங்க?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொங்கலூர் போனேன். மாமியார் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “அதை ஏனுங்க மாப்ள எழுதல?” என்றார். தெரியவில்லை என்றேன். அது பொய். “காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்று உள்ளே போனவர் வெளியே வரவில்லை. மைத்துனரின் மனைவிதான் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “இப்ப எதுக்குங்க போய்ச் சொன்னீங்க? எங்கம்மா இனி நம்ம ரெண்டு பேரையும் நெனச்சு அழுதுட்டுக் கெடக்கும்” என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் எதுவும் எழுதவில்லை. என் கட்டுரைகளைப் புத்தகமாகப் போட ஒருவர் கேட்டபோது, அந்தக் கட்டுரையை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அவளுக்கும் எனக்கும் சண்டையில்லை. மகளின் படிப்பு, மளிகைச் சாமான், தண்ணீர் வரும் நாள் எல்லாம் பேசிக்கொள்கிறோம். முன்பெல்லாம் கம்பெனியில் நடந்ததைச் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். சூப்பர்வைசர் திட்டியது, கூட நிற்கும் ஒடிசாப் பெண் கற்றுக்கொண்ட புதுத் தமிழ் வார்த்தை. இப்போது நானாகக் கேட்டாலும், “ஒண்ணுமில்லீங்க” என்பாள். என்னிடம் சொல்வதென்றால் ஊருக்கே சொல்வது என்று அவளுக்கு ஆகிவிட்டது.

இதையெல்லாம் எழுதலாமா என்று சில வாரங்களுக்கு முன் அவளிடமே கேட்டேன். யோசித்தாள். “எழுதிப்போட்டு எனக்குப் படிச்சுக் காட்டுங்க” என்றாள்.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அந்தச் சாயங்காலம் வரும் இடத்தில் கத்தியை நிறுத்தினாள்.

“வெள்ளிக்கிழமை இல்லீங்க. வியாழக்கிழமையே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. சொல்லலாமுன்னு வந்தேன். நீங்க எழுதிட்டிருந்தீங்க, திரும்பிப் போயிட்டேன்.”

நோட்டைக் கீழே வைத்தேன். இதையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

“சேத்துக்கோங்க. ஆனா எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். அதுக்கப்பறம் அனுப்புங்க.”

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் பொங்கலூர் போனாள். நானும் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. சேலை ஓரமெல்லாம் தோட்டத்துச் செம்மண்.

“சொல்லிட்டேனுங்க. இனி அனுப்பிக்கோங்க” என்றாள்.

அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.