லோட் ஆகும்வரை யாரும் பேசக்கூடாது

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவரை அந்தக் குடியிருப்பில் எல்லாரும் 'நாலு விரல்' என்றுதான் சொல்வார்கள். கையில் பழுதொன்றும் இல்லை, பத்து விரலும் பத்திரமாக இருந்தன. அவர் பழுது பார்த்த லிஃப்ட் எதுவானாலும் தளத்துக்கு நாலு விரற்கடை கீழேதான் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் கட்டை விரலை இடித்துக்கொள்வார்கள். ஏறுகிறவர்கள் திடுக்கென்று உள்ளே போய் விழுவார்கள். கேட்டால், "லிஃப்ட் மட்டமாத்தான் நிக்குது, கட்டடம்தான் கொஞ்சம் தூக்கலா கட்டிட்டாங்க" என்பார்.

இப்படிப்பட்ட துல்லியக்காரரின் உயிர் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. மொத்தமும் ஒரு கீபோர்டுதான், அதன் பட்டன்கள் அழிரப்பரில் செய்தவைபோல் கொழகொழவென்று இருக்கும். டிவியில் ஒரு வயர், கேசட் பிளேயரில் ஒரு வயர். இன்றைக்கு ஓர் எறும்பைப் போட்டோ எடுத்தால்கூட அதன் மெமரியில் எறும்பின் கால் மட்டும்தான் அடங்கும். ஆனால் அன்றைக்கு அதை ஆன் செய்தபோது எதிர்காலமே வந்து வீட்டு டிவியில் உட்கார்ந்துவிட்டதாக நாலு விரல் நம்பினார். இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார், அதுதான் சிக்கல்.

பகலெல்லாம் லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனிதர் ஆசை ஆசையாக விளையாடிய விளையாட்டு எது தெரியுமா? லிஃப்ட் ஓட்டுவது. டிவியில் ஆறு கட்டம் சேர்ந்தால் ஓர் ஆள். அவன் கையில் ஒரு கட்டம் இருந்தால் அது பால் பாட்டில். பாட்டிலோடு அவனை மொட்டை மாடிவரை கொண்டு சேர்க்க வேண்டும். சேர்த்தால் டிவி 'பீப்' என்று ஒருமுறை கத்தும். அந்த ஒரு பீப்புக்காக இவர் சாப்பாட்டை ஆறவிட்டிருக்கிறார், மாமனாரை ஸ்டேஷனில் காக்க வைத்திருக்கிறார்.

விளையாட்டு கேசட்டில் இருந்தது. பிளேயரை ஓடவிட்டால், பூனையைத் தகர டப்பாவில் போட்டு உருட்டியதுபோல ஒரு கீச்சுச் சத்தம் கால் மணி நேரம் வரும். டிவியின் ஓரத்தில் கோடுகள் ஓடும். அதற்குப் பெயர்தான் லோட் ஆவது. அந்தக் கால் மணி நேரமும் வீட்டில் ஊரடங்கு. ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஆஃப். மேஜைக்கு ஒரு கால் ஆட்டம் என்பதால் யாரும் நடக்கக்கூடாது. பேசினால் டேப்புக்குப் பிடிக்காது என்று அவராக ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்ததால் பேச்சும் கூடாது. ஒருமுறை, கீழ் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று சொல்ல ஓடி வந்தவரை உதட்டில் விரல் வைத்துக் காட்டி உட்கார வைத்தாராம். வந்தவரும் உட்கார்ந்தாராம். இதில் தீ வேண்டுமானால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம், உட்கார்ந்தது உண்மை.

கேசட் பிளேயரின் வால்யூம் திருகு சரியான இடத்தில் நிற்காவிட்டால் எதுவும் லோட் ஆகாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் திருகித் திருகி இவர் இளைத்துப்போனதைப் பார்த்துவிட்டு, புது மனைவி தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, திருகு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். வேறு வீட்டில் புதுப் பெண்ணின் நினைவாகப் போட்டோ வைத்திருப்பார்கள். இங்கே புள்ளி.

அந்த மனைவி இப்போது பெயரெடுத்த தையல்காரி. ஆனால் தையல் மெஷின் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அவள் தைத்துக் கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு போனவர்களிடம், "வெங்காயம் வதக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்பார்கள். சின்ன அறையிலோ கம்ப்யூட்டர், டிவி, கேசட்டுகள் எல்லாம் மகாராஜாபோல் கால் நீட்டிக்கொண்டிருந்தன.

போதாததற்கு அவளுடைய தம்பி பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்துவிட்டான். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவன். நாளெல்லாம் அடுத்தவர் பிரேக்கை மிதித்த களைப்பில், மாலையானால் அக்கா வீட்டுக்கு வந்து அத்தானோடு வாதாட உட்காருவான். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் வழக்கமே அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள், ஒரே சமயத்தில் கோபித்துக்கொள்வார்கள். நடுவில் அவள் எண்ணிவைத்த அளவெல்லாம் மறந்து, கை வேண்டாம் என்றவருக்கு முக்கால் கையும் முக்கால் கை கேட்டவருக்குக் கையே இல்லாமலும் தைத்து வைப்பாள்.

ஒருநாள் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "என்னங்க, அந்த ரூம் எனக்கு வேணும். அந்த டப்பாவை அனுப்பிடுங்க."

"டப்பாவா? ஓடுற மெஷினை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

"ஓடுதா?" என்று தம்பி சிரித்தான். "கடைசியா எப்ப ஓடுச்சு அத்தான்? நான் அரை டிராயர் போட்டிருந்தப்பவா?"

"உன் ஸ்கூல் காரைவிட நல்லா ஓடும்டா."

"அப்ப ஓட்டிக் காட்டுங்க. பழைய சாமான் எடுக்குறவர் எங்கிட்ட வண்டி கத்துக்கிட்டவர்தான். ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். லோட் ஆச்சுன்னா டப்பா இங்கயே இருக்கட்டும், அக்கா வாயே திறக்க மாட்டா. ஆகலைன்னா வண்டியில ஏத்திடலாம். என்னக்கா?"

அவளும் தலையாட்டினாள். நாலு விரலுக்கு நெஞ்சு ஒரு தளம் கீழே இறங்கியது. வழக்கம்போல் இன்னும் நாலு விரற்கடையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு விக்கல் விக்கி அடங்கியது. நாலு விரல் திருகைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக வைத்தார், தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார், பட்டனை அழுத்தினார். கீச்சுச் சத்தம் கிளம்பியது.

முக்கால்வாசி ஏறியிருக்கும். திடீரென்று கீச்சு நடுவே 'டட்டிட், டட்டிட்' என்று ஏதோ தட்டியது. கோடுகள் நின்றன. டேப் பிழை என்றது டிவி.

"முடிஞ்சுது!" என்று எழுந்தான் தம்பி. அவன் சட்டைப் பையில் மொபைல் துடித்துக்கொண்டிருந்தது.

"நீதாண்டா பண்ணின! போனைப் பக்கத்துல வச்சா டேப்ல ஏறும்டா!"

"சைலன்ட்ல போட்டிருந்தேன் அத்தான்!"

"உன் வாயைப் போட்டியா?"

இருவரும் கத்தினார்கள். வாசற்படியில் இருந்தவர்கூடத் தன் கருத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மனைவி தம்பியின் பையிலிருந்து மொபைலைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "நியாயம்னா நியாயம். திரும்ப ஓட்டுங்க. ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

இரண்டாவது முறை அவள் ஒரு கப் டீயோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை ஸ்டூலில் தூக்கி வைத்தாள். எதிரே இரண்டு ஆண்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு, மூச்சைக்கூடத் தவணையில் விட்டுக்கொண்டு இருந்தார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் டீயைச் சூடாகக் குடித்தாள். கவுன் ஒன்றுக்குக் கழுத்துப்பட்டி எப்படி வைப்பது என்று ஒரு வாரமாகப் பிடிபடாமல் இருந்தது, அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு நடுவே தானாகப் பிடிபட்டது.

அப்போது பார்த்து விளையாட்டு வந்து தொலைத்தது.

நாலு விரல் போட்ட கூச்சலில் பழைய சாமான்காரர் படியிலிருந்து சறுக்கினார். "பாத்தியா! பாத்தியாடா! வலது பக்கம் மூணாவது மாடியில ஒரு பள்ளம் இருக்கு, அங்க..." என்று ஆரம்பித்தார். தம்பியோ, "தள்ளுங்க அத்தான், எனக்கு ஒரு சான்ஸ், பிரேக் எந்தப் பட்டன்?" என்று மேலே விழுந்தான். பாட்டிலோடு ஆள் விழ விழ, அவர் இவனைத் திட்டினார், இவன் பட்டனைத் திட்டினான். இருட்டும்வரை இதே கதை. பழைய சாமான்காரர் வெறுங்கையோடு போக மனமில்லாமல் நாலு விரலின் உடற்பயிற்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். யாரும் கவனிக்கவில்லை.

பந்தயத்தில் தோற்றவள் சொன்ன சொல் தவறவில்லை. அறையைக் கேட்டு வாயே திறக்கவில்லை. மறுநாள் தையல் மெஷினை அவளாகவே தள்ளிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் போட்டாள். "அது பாட்டுக்கு அது இருக்கட்டும், இது பாட்டுக்கு இது. நீங்க லோட் பண்றப்ப நான் மெஷின் ஓட்ட மாட்டேன், கைத்தையல் போட்டுக்கிறேன்" என்றாள். அவருக்குக் கண் கலங்கியது.

அன்று மாலை அவர் முகம் கழுவப் போன நேரத்தில், அவள் பழைய சிவப்புப் புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒன்று வைத்தாள். அதே சிவப்பு.

அதிலிருந்து தினமும் மாலை அத்தானும் மச்சினனும் டிவி முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருகிறார்கள். கால் மணி நேரம் கீச்சு. பிழை. ரீவைண்ட். மறுபடி கீச்சு. "அன்னிக்கு வந்துச்சே அத்தான்" என்று தம்பி காதோடு கிசுகிசுப்பான். "புள்ளிக்கு நேராத்தாண்டா வச்சிருக்கேன்" என்று அவர் குனிந்து குனிந்து பார்ப்பார்.

"நாளைக்கு வரும்ங்க, விடாதீங்க" என்பாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

அவருக்குத் தெரியவருமா என்று கவலைப்பட வேண்டாம். ஆயுள் முழுக்க நாலு விரற்கடையைக் கண்டுபிடிக்காதவர், அரை விரற்கடையையா கண்டுபிடிக்கப்போகிறார்?