அக்காவின் முழங்கால்

அல்சூர் மெட்ரோவில் பக்கத்து இருக்கைப் பெண் முழங்காலில் தைலம் தேய்த்தாள். அந்த வாசனை வந்ததும் எழுந்து கதவோரம் போய் நின்றேன்.

நம் நாட்டுப் பெண்கள் வாலிபால் அணி முதன்முறையாக ஆசியப் போட்டிக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அணியில் என் அக்காவும் இருந்தாள். வீங்கிய அவள் முழங்காலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் தைலம் தேய்த்தது நான்தான்.

"அப்பாகிட்ட சொல்லிடாதடி. தெரிஞ்சா டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க," என்றாள்.

அவள் போன பிறகு, யார் கதவைத் தட்டினாலும் தந்தியோ என்று நடுங்கினேன்.

முதல் ஆட்டத்திலேயே விழுந்து, கட்டுப்போட்ட காலோடு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். இது பழைய அடி, இனி ஆட முடியாது என்றார் டாக்டர்.

அப்பா என்னிடம் திரும்பினார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அக்கா முந்திக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

நானும் தெரியாது என்று தலையாட்டினேன். சுவரில் மாட்டியிருக்கும் அப்பா படத்தை நிமிர்ந்து பார்க்க இன்றும் பயம்.