தங்கச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஷுவாவையும் ப்லியாவையும் முதலில் பார்த்தது அமெரிக்காவின் செயின்ட் பால் நகர நூலகத்தில், குடியுரிமைத் தேர்வுக்கான ஞாயிறு வகுப்பில். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால் அந்த வகுப்பு என் தலையில் விழுந்திருந்தது. படிவத்தில் அக்கா, தங்கை என்றிருந்தது. ஆனால் மூத்தவர் ப்லியா சியோங் குலம், இளையவர் ஷுவா முவா குலம். லாவோஸ் மலை மக்களான ஹ்மாங் வீட்டில் பிள்ளைக்குத் தகப்பன் குலம்தான்.

"கூடப் பொறந்தவங்க எப்படிப் பெரியம்மா ரெண்டு குலம்?"

"டிகிரி வாங்கினவன்தானே நீ? கேக்காம எழுது," என்றார் ப்லியா.

ஷுவாதான் பிறகு சொன்னார்.

தாய்லாந்தின் பான் வினாய் அகதி முகாமில் இருந்தபோது ஷுவாவுக்கு இருபத்தேழு வயது. தாவ் குலத்து நெங் கூவின் இரண்டாம் மனைவி. ப்லியா முதல் மனைவி. போர்க்காலத்தில் லாவோஸ் மலைகளிலிருந்து அமெரிக்க விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொன்னவன் நெங் கூ. விமானங்கள் ஒருநாள் வராமல் நின்றன. அவன் குடும்பத்தை மூங்கிலில் கட்டி மெக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு வந்தான். நான்கு வருடம் கழித்து அந்த அமெரிக்கா அவனைக் கூப்பிட்டது, ஒரு மனைவியோடு. இரண்டாமவளும் அவள் பெற்ற இரண்டும் முகாமிலேயே இருக்கலாம்.

தங்கை என்று சொல்லிவிடு என்றார்கள் எல்லோரும். அந்த மாதம் முகாமில் நிறையப் பேருக்குத் தங்கைகள் முளைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு ப்லியா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து அதிகாரி ஆனாள். "இந்தப் பொண்ணு யாரு?"

நெங் கூவுக்கு வாய் வரவில்லை. ஹ்மாங் வழக்கில் தாவ் குலத்துப் பெண் தாவ் ஆணுக்கு உடன்பிறப்பு, மணம் கூடாது. மனைவியைத் தங்கை என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் எப்படிப் பிறந்தன?

"என்னய்யா, குண்டு விழறப்பகூட ரேடியோவுல பேசின வாய்தானே?"

"அது வேற."

"என்ன வேற?"

"அப்ப உண்மையத்தான் சொன்னேன்."

ஷுவாவுக்கும் ப்லியாவுக்கும் ஒன்பது வருடமாக ஆகாது. மலையில் இருந்தபோது ஒருமுறை, அவள் திறந்து விட்ட கொட்டிலிலிருந்து ப்லியாவின் சினைப் பன்றி ஓடிப் போனது. ஓர் அறுவடை முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. நாளைக்கு ப்லியா சும்மா இருந்தாலே போதும், அவளுக்குத் தன் தொல்லை விட்டது என்று ஷுவாவுக்குத் தெரியும்.

மறுநாள் விசாரணை. எந்த மலை, எந்த ஓடுதளம், ரேடியோவில் அவனுக்கு என்ன பெயர் என்று அதிகாரி கேட்டதற்கெல்லாம் நெங் கூ டக் டக்கென்று பதில் சொன்னான். பிறகு அதிகாரி ஷுவாவைக் காட்டினார்.

நெங் கூ தரையைப் பார்த்தான். அதிகாரியின் பேனா காத்திருந்தது. ஷுவா தன் சின்ன மகளை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"என் தங்கச்சி," என்றாள் ப்லியா. "புருஷன் சண்டையில செத்துட்டான்."

அதிகாரி தாளைப் புரட்டினார். குலம் வேறாக இருக்கிறதே?

"ஆத்தா ஒண்ணு, அப்பன் ரெண்டு. எங்க ஆத்தா அப்படி."

வேறோர் ஆண்பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்காமல் செத்துப் போன ப்லியாவின் தாய்க்கு அன்று இரண்டாம் புருஷன் வந்து சேர்ந்தான். மொழிபெயர்ப்பாளரும் ஹ்மாங்தான். முகம் மாறாமல் மொழிபெயர்த்தார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் நெங் கூவிடம், "அப்பா, பசிக்குது," என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார்.

"தகப்பன் இல்லாத புள்ளை," என்றாள் ப்லியா. "யாரப் பாத்தாலும் அப்பாங்குது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா உங்களையும் சொல்லும்."

அவர் அவசரமாக முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும், "அக்கா..." என்று தொடங்கினாள் ஷுவா.

"வாய மூடு. அந்தப் பன்னிக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

செயின்ட் பாலில் மாடியில் நெங் கூவும் ப்லியாவும், கீழே கொழுந்தியாளும் பிள்ளைகளும் என்று இருபத்திரண்டு வருடம் ஓடியது. நெங் கூ இறந்தபோது மருத்துவமனைக் காகிதத்தில் ஒரு விதவை, ஒரு மைத்துனி. அழுதது இருவரும் ஒரே அளவு.

மாடி வாடகை வீண் என்று ப்லியா கீழே இறங்கி வந்துவிட்டார். இருவருக்கும் போன வருடம் குடியுரிமை கிடைத்தது. ப்லியாவுக்கு முழங்கால் வலி, வெளியே அதிகம் போவதில்லை. ஷுவா நகருக்கு வெளியே குத்தகை நிலத்தில் கீரையும் மிளகாயும் போட்டுச் சனிக்கிழமை சந்தையில் விற்று அக்காவையும் பார்த்துக்கொள்கிறார்.